கத்தரி ஒன்று, பட்டி பல

எங்கள் செம்மறி வளர்ப்போர் சங்கத்துக்கு என்ன சொத்து என்று கேட்டால் ஒரு தகரப் பெட்டியைத்தான் காட்டுவோம். ரோமம் வெட்டும் கைக்கத்தரி இரண்டு, மின்கத்தரி ஒன்று, 100 கிலோ வரை நிறுக்கும் தொங்கு தராசு, பூச்சி மருந்து புகட்டும் துப்பாக்கி, காதுவில்லை அடிக்கும் குறடு, கண் இமையின் உள்நிறத்தை ஒப்பிடும் அட்டை, புழுக்கையில் முட்டை எண்ணும் கண்ணாடிச் சில்லு, தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு. அவ்வளவுதான். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் நகரைச் சுற்றி ரெங்கம், பாலோ, கஹாங் வரை சிதறிக் கிடக்கும் பட்டிகளுக்கு இந்தப் பெட்டி முறை வைத்துப் போய்வருகிறது. பொலிகிடாவும் அப்படியே சுற்றுகிறது. ஆடு ஏற்றும் லோரியும் பொது.

பத்துத் தாயாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு மின்கத்தரி வாங்கிக் கட்டாது. நல்ல கிடாவும் கட்டாது. அதனால்தான் பொதுவில் வைக்கிறோம். ஆனால் கத்தரி போகும் பாதையிலேயே கட்டி நோயும் போகும். கிடா போகும் பாதையிலேயே கருச்சிதைவும் போகும். லோரியின் பலகையில் ஒட்டிய சேற்றில் குளம்பழுகல் போகும். பொருளைப் பகிர்ந்துகொண்டு நோயைப் பகிராமல் இருப்பதுதான் செம்மறிச் சங்கத்தின் முதல் வேலை என்பது எங்கள் கருத்து. கூட்டம், சந்தா, கணக்கு எல்லாம் அதற்குப் பிறகு.

ரோமம்

இந்த நாட்டில் செம்மறி ரோமம் விலை போகாது. ஆஸ்திரேலிய மெரினோவைப்போல மைக்ரான் கணக்கில் அளந்து ஏலம் விடும் சரக்கு அல்ல இது. முரட்டு இழை, நடுநடுவே நார்போன்ற முடி, மழையில் நனைந்து சிக்குப்பிடித்தது. ஆனாலும் வெட்டாமல் விட முடியாது.

மலாய்க்காரர்கள் பீரி-பீரி என்று சொல்லும் செம்மறி தோட்டத்துக்குள் வந்த கதையில் இதற்குக் காரணம் இருக்கிறது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பால்மரத்தடியில் செம்மறி மேய்ப்பதைச் சோதித்தபோது உள்ளூர் மாலின் இனத்தோடு டோர்செட் ஹார்ன் போன்ற ரோம இனங்களைக் கலந்தார்கள். தாய்லாந்திலிருந்து நீளவால் ஆடுகளும் வந்தன. உடம்பு கூடியது, ரோமமும் கூடியது. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ரோமம் மண்டிய ஆடு நண்பகலில் வாய் திறந்து மூச்சு வாங்கும், மேய்ச்சலைக் குறைக்கும். கிடாவுக்கு விந்து கெடும். வாலடியில் கழிச்சல் ஒட்டிய ரோமத்தில் ஈ முட்டையிடும். பின்னாளில் பார்படோஸ் பிளாக்பெல்லி, சாண்டா இனேஸ், டமாரா, டோர்ப்பர் என்று ரோமம் மண்டாத முடி இனங்கள் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நாங்கள் முடி இனத்தையே சொல்கிறோம். ஆனால் இரண்டு மூன்று தலைமுறை கலந்தாலும் முதுகிலும் தொடையிலும் ரோமத் திட்டு நிற்கும். ஆகவே கத்தரிக்கு வேலை ஓயாது.

விரல் நடுக்கணு மறையும் அளவுக்கு, ஐந்து சென்டிமீட்டர்போல, ரோமம் வளர்ந்தால் வெட்டலாம். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் பிடிப்பதற்குள் ஒரு முறை, மழை விட்டு வெயில் ஏறும் பிப்ரவரி வாக்கில் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். கடைசி ஒன்றரை மாதச் சினையாட்டை உட்கார வைத்து வெட்டக் கூடாது.

முதல் நாள் மாலையோடு தீவனத்தை நிறுத்துங்கள். பன்னிரண்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். நிறைந்த இரைப்பையோடு ஆட்டைப் பிட்டத்தில் உட்கார வைத்தால் அது நுரையீரலை அழுத்தும், ஆடு திமிறும், திமிறினால் தோல் கிழியும். ஈரமான ஆட்டைத் தொடவே வேண்டாம். இரவு மழை பெய்து நனைந்திருந்தால் தேதியைத் தள்ளிவையுங்கள்.

வெட்டுபவரின் முழங்கால்களுக்கு இடையே ஆட்டின் முதுகு சாய்ந்திருக்க வேண்டும். முதலில் நெஞ்சிலிருந்து வயிறு, பிறகு தொடையிடுக்கு, பிறகு இடது பின்னங்கால், வால்மேடு, கழுத்து, இடது தோள், முதுகு நெடுக ஒரே இழுப்பு, கடைசியில் வலப்பக்கம். ரகசியம் எல்லாம் இடது கையில் இருக்கிறது. தோலை இழுத்துப் பிடித்துத் தட்டையாக்கினால் கத்தரி வழுக்கிப் போகும். சுருக்கம் விழுந்த இடத்தில்தான் தோல் கத்தரிக்குள் மாட்டும். தாயாட்டின் காம்பையும் கிடாவின் குறியையும் இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக வேண்டும். அறுந்த காம்பு திரும்ப முளைக்காது, அந்த ஆடு குட்டி வளர்க்கத் தேறாது.

மின்கத்தரியில் மேல்பல்லின் நுனி, அடிச்சீப்பின் சரிவு தொடங்கும் இடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் பின்னால் நிற்க வேண்டும். முன்னே தள்ளினால் தோலைக் கடிக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணெய் விடுங்கள், சீப்பைப் புறங்கையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் ஆட்டுக்கும் சுடும்.

இனி இந்தப் பகுதியிலேயே முக்கியமான சங்கதி. தாடைக்கடியில், தோள் முன்னால், பின்தொடை மடிப்பில் எலுமிச்சை அளவுக்குக் கெட்டியாக உருளும் கட்டி இருக்கிறதா என்று வெட்டும் முன் ஒவ்வோர் ஆட்டையும் தடவிப் பாருங்கள். அது நிணநீர்க் கட்டி நோயாக இருக்கலாம். கட்டி உடைந்தால் பற்பசைபோலப் பச்சை கலந்த வெள்ளைச் சீழ் வரும். அந்தச் சீழ் பட்ட கத்தரி அடுத்த ஆட்டின் சிறு கீறலில் நோயை விதைத்துவிடும். மண்ணிலும் பலகையிலும் அந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே வரிசை எப்போதும் இப்படித்தான்: முதலில் குட்டிகள், பிறகு இளம் பெட்டைகள், பிறகு தாயாடுகள், கட்டி உள்ளவை கடைசியில். வயதான ஆட்டை முதலில் வெட்டி முடித்துவிடலாம் என்று யார் கெஞ்சினாலும் மாற்றக் கூடாது. ஒரு பட்டி முடிந்ததும் கத்தரியைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் தேய்த்து ரோமப் பிசுக்கை எடுத்து, துடைத்து, 70 விழுக்காடு ஆல்கஹாலில் பத்து நிமிடம் ஊறவைத்து, காயவைத்து, எண்ணெய் தடவ வேண்டும். பிசுக்கோடு மருந்தில் போட்டால் மருந்து இரும்பைத் தொடாது. குளோராக்ஸ் போன்ற வெளுப்பான் வேண்டாம், விளிம்பு துருப்பிடித்துவிடும்.

சிறு கீறலையும் அலட்சியம் செய்யாதீர்கள். திருகுப்புழு ஈ இந்த நாட்டில் உண்டு. அது செத்த சதையைத் தேடாது, உயிருள்ள சதையில் முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். ஆடு அந்தப் பக்கத்தையே திரும்பித் திரும்பிப் பார்க்கும், காலை உதைக்கும், கெட்ட வாடை வரும். பார்த்தால் ஊசி நுழையும் ஓட்டைதான் தெரியும், உள்ளே குழி நிறையப் புழு. அதனால் வெட்டிய கையோடு கீறலில் அயோடின், மேலே ஈ அண்டவிடாத நெகாசண்ட் தூள். ஐந்து நாள் காலை மாலை புண்ணைப் பாருங்கள். புழு வைத்துவிட்டால் ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்து, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் ஐவர்மெக்டின் போட வேண்டும். புதிதாய்ப் பிறந்த குட்டியின் தொப்புளுக்கும் இதே ஈதான் எமன்.

வெட்டிய ரோமத்தை நாங்கள் வீசுவதில்லை. வாழைக்கன்றின் தூரில் இரண்டு கை அளவு பரப்பி மேலே புழுக்கையைப் போட்டால் ஈரம் நிற்கும், களை அடங்கும், மெல்ல மக்கித் தழைச்சத்து தரும். பாலிபேக்கின் அடியிலும் போடலாம். கட்டி உடைந்த ஆட்டின் ரோமத்தை மட்டும் எரித்துவிட வேண்டும்.

புழு

செம்மறியை இங்கே கொல்வதில் முதலிடம் ஹீமோங்கஸ் என்ற இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவுக்குத்தான். ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆயிரம் புழு என்றால் 50 மில்லி. ஒரு பெண் புழு நாளுக்கு ஐயாயிரம் முட்டைக்கு மேல் போடும். நம் சூட்டிலும் ஈரத்திலும் அந்த முட்டை நான்கைந்து நாளில் ஆட்டைப் பிடிக்கும் பருவத்துக்கு வந்து, பனித்துளியோடு புல்லின் மேல் ஏறி நிற்கும். மூன்று வாரத்தில் அதுவும் முட்டையிடத் தொடங்கும். இந்தப் புழுவால் கழிச்சல் வராது என்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. புழுக்கை உருண்டையாகவே இருக்கும், ஆடு மட்டும் வெளுத்துக்கொண்டே போகும். பிறகு மாலையில் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். அந்தக் கட்டத்தில் ஓட்டிப் பிடித்தாலே விழுந்து செத்துவிடும்.

கண் பார்ப்பதைத்தான் புதிய உறுப்பினருக்கு முதல் நாள் கற்றுக்கொடுக்கிறோம். மேலிமையைக் கட்டைவிரலால் மூடி, கண்ணை மெல்ல உள்ளே அழுத்தி, இன்னொரு கட்டைவிரலால் கீழிமையை இழுத்தால் உள்தோல் பிதுங்கி வரும். மரநிழலில் பார்க்காமல் வெளிச்சத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு நொடிக்குமேல் இழுத்துப் பிடித்தால் வெளுத்ததும் சிவந்து காட்டும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் ஐந்து நிறம் உண்டு. 1, 2 நல்ல சிவப்பு, மருந்து வேண்டாம். 4, 5 வெளுப்பு, உடனே மருந்து. 3 என்றால் குட்டிக்கும் மெலிந்ததுக்கும் குட்டி ஈன்ற தாய்க்கும் மட்டும். அட்டையை வெயிலில் போட்டுவைத்தால் நிறம் மங்கிவிடும், அதனால் நோட்டுக்குள்ளேயே வையுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எல்லா ஆட்டையும் பாருங்கள்.

எல்லா ஆட்டுக்கும் மாதம் தவறாமல் மருந்து கொடுப்பதே பொறுப்பு என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். அந்தப் பழக்கம்தான் மருந்தைக் கெடுத்தது. மலேசியாவில் ஆட்டுப் புழுக்கள் அல்பெண்டசோல் குடும்பம், லெவாமிசோல், ஐவர்மெக்டின் எல்லாவற்றுக்கும் பழகிப்போனது ஆய்வுகளிலேயே பதிவாகியிருக்கிறது. சிவந்த கண்ணுள்ள ஆட்டுக்கு மருந்து கொடுக்காமல் விட்டால் அதன் வயிற்றில் மருந்துக்கு மடியும் பழைய புழுவும் கொஞ்சம் தங்கும். பழகிய புழு மட்டுமே பெருகாமல் அது தடுக்கும். மூன்று முறை தொடர்ந்து 4, 5 காட்டும் தாயாட்டை விற்றுவிடுங்கள். அந்தப் பலவீனம் குட்டிக்கும் இறங்கும்.

புகட்டும் முறையிலும் தவறு நடக்கிறது. துப்பாக்கியின் மூக்கை வாயின் ஓரப் பல்லிடைவெளி வழியாக நுழைத்து, நாக்கின் பின்மேட்டைத் தாண்டி வைத்து மெல்ல அழுத்த வேண்டும். தலையை வானம் பார்க்கத் தூக்கினால் மருந்து நுரையீரலுக்குப் போய் நான்காம் நாள் சளிக்காய்ச்சல் வரும். எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். 40 கிலோ கிடாவை 30 என்று நினைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகும். அதற்குத்தான் பெட்டியில் தராசு. அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்காதீர்கள். குளோசன்டல் அளவு மீறினால் ஆடு குருடாகும். வெள்ளாட்டுக்குச் சொன்ன அளவைச் செம்மறிக்குப் பயன்படுத்தாதீர்கள், பல மருந்துகளில் வெள்ளாட்டு அளவு கூடுதல்.

“அண்ணே, மிச்சம் இருந்தா ஒரு போத்தல்ல ஊத்திக் குடுங்க” என்று கேட்டு வந்தால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். மினரல் தண்ணீர் போத்தலில் ஊற்றிய மருந்துக்குப் பெயர் இல்லை, தேதி இல்லை. அடியில் படிந்த மருந்தைக் குலுக்காமல் ஊற்றினால் முதல் வீட்டுக்குத் தண்ணீரும் கடைசி வீட்டுக்கு விஷமும் போகும். ஆட்டை மருந்திடம் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது பெட்டியோடு ஒருவர் போங்கள்.

மருந்து வேலை செய்கிறதா என்பதை எண்ணிப் பார்த்துத்தான் அறிய முடியும். 400 கிராம் சமையல் உப்பை ஒரு லிட்டர் சுடுநீரில் கரையுங்கள். அடியில் கொஞ்சம் கரையாமல் நின்றால் கரைசல் தயார். ஆட்டின் ஆசனவாயிலிருந்து நேராக எடுத்த புழுக்கையில் 3 கிராம் நிறுத்து, 42 மில்லி கரைசலில் நசுக்கி, தேநீர் வடிகட்டியில் வடித்து, மக்மாஸ்டர் எனும் அந்தக் கண்ணாடிச் சில்லின் இரண்டு அறையிலும் நிரப்புங்கள். ஐந்து நிமிடத்தில் முட்டை மேலே மிதந்து வரும். நுண்ணோக்கியில் பார்த்து இரண்டு கட்டத்துக்குள்ளும் எண்ணிய முட்டையை 50 ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று வரும். 24 முட்டை என்றால் 1,200. புழுக்கையை அன்றே பார்க்க வேண்டும், முடியாவிட்டால் ஐஸ்பெட்டியில் வைக்கலாம். வெளியே கிடந்தால் முட்டை பொரித்துவிட்டு எண்ணிக்கை குறைவாகக் காட்டும்.

மருந்து கொடுக்கும் நாளில் பத்து ஆட்டுக்கு எண்ணுங்கள், 14 நாள் கழித்து அதே பத்துக்கு எண்ணுங்கள். சராசரி 1,200 இருந்தது 60 ஆகியிருந்தால் 95 விழுக்காடு, மருந்து தேறியது. 300 என்றால் 75தான், அந்த மருந்து அந்தப் பட்டியில் தோற்றுவிட்டது. தோற்ற மருந்தின் பெயரை நோட்டில் பட்டியின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எழுதுகிறோம். அந்தப் பட்டியின் ஆடு வேறு பட்டிக்குப் போனால் அந்தப் புழுவும் கூடவே போகும் என்பதால் இந்தச் சிவப்பு மை கூச்சப்பட வேண்டிய விஷயமே அல்ல. மறைப்பதுதான் தவறு.

மேய்ச்சலில் கணக்கு எளிது. ஒரே இடத்தில் மூன்றரை நாளுக்குமேல் நிறுத்தக் கூடாது, திரும்ப அதே இடத்துக்கு வர ஒரு மாதம் ஆக வேண்டும். பத்துத் துண்டாகப் பிரித்தால் 35 நாளில் ஒரு சுற்று. போட்ட முட்டை பிடிக்கும் பருவத்துக்கு வருவதற்குள் ஆடு நகர்ந்துவிடும், காத்திருக்கும் புழுக்குஞ்சு தன் கொழுப்பைத் தின்று தீர்த்து அந்த ஒரு மாதத்தில் பெரும்பாலும் செத்துவிடும். குளிர்நாட்டில் இப்படி நடக்காது, அங்கே குஞ்சு பல மாதம் தாங்கும். நம் சூடு இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவுகிறது. புல் அறுத்துப் போடுபவர்கள் பனி காய்ந்த பிறகு, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுங்கள்.

கிடா

25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடா போதும். கிடா பட்டிக்குள் நுழைந்து ஐந்து மாதத்தில் முதல் குட்டிகள், அந்தப் பெட்டைக் குட்டிகள் ஏழாம் மாதமே சினைக்கு வரக்கூடும். ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. ஆக ஒரு வருடத்துக்குள் கிடாவை மாற்றவில்லையென்றால் அது தன் மகளையே சேரும், பலவீனக் குட்டிகள் வரத் தொடங்கும். அதனால்தான் சுற்று வைத்திருக்கிறோம்.

இடம் மாறும் கிடாவுக்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம். புருசெல்லா கிருமி ஆட்டில் கருவைக் கலைக்கும், மனிதருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலைக் கொடுக்கும். கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் இரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குளுவாங்கில் கால்நடைக் கழகமே இருப்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பயிற்சிக்கும் நமக்கு வழி உண்டு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரையிலும், மொத்தத்தில் 30 நாளும், கிடா தனிக் கொட்டகையில் இருக்க வேண்டும். குளம்பைச் சீவிப் பாருங்கள். விரலிடுக்கில் நாறும் கசிவு இருந்தால் திருப்பி அனுப்புங்கள். விரைகள் இரண்டும் சம அளவாக, கெட்டியாக, முடிச்சு இல்லாமல் இருக்க வேண்டும். வெயிலில் லோரியில் வந்து காய்ச்சல் கண்ட கிடாவை உடனே நம்பாதீர்கள். நல்ல விந்து மறுபடி ஊற ஏழு வாரமாகும்.

கிடா வேலை செய்கிறதா என்று பார்க்கக் காவிப்பொடியைச் சமையல் எண்ணெயில் குழைத்து அதன் நெஞ்செலும்பில் பூசுங்கள். சேர்ந்த பெட்டையின் பின்முதுகில் நிறம் ஒட்டும். செம்மறிக்கு 17 நாளுக்கு ஒரு முறை பருவம். முதல் 17 நாள் மஞ்சள், அடுத்த 17 நாள் சிவப்பு, பிறகு நீலம் என்று வெளிறிய நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போங்கள். மஞ்சள் பட்ட பெட்டைகளில் பாதிக்குமேல் சிவப்பும் பட்டால் பெட்டைகளைக் குறை சொல்லாதீர்கள், கிடாவை மாற்றுங்கள்.

புண்ணாக்கு

வெள்ளாட்டிலிருந்து செம்மறிக்கு மாறியவர்கள் விழும் குழி இது. செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு மலிவு, கிடைப்பது எளிது, மாடும் வெள்ளாடும் நன்றாகத் தின்னும். அதில் செம்புச் சத்து அதிகம். செம்மறியின் ஈரல் செம்பை வெளியேற்றாமல் சேர்த்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது, ஆடு பளபளவென்று கொழுத்தே இருக்கும். ஒரு நாள் லோரிப் பயணம், ரோமம் வெட்டு, கனமழை என்று ஏதாவது ஓர் அதிர்ச்சி வந்ததும் ஈரல் தேக்கியதை இரத்தத்தில் கொட்டிவிடும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கோப்பி நிறத்தில் போகும், இரண்டு நாளில் ஆடு இறந்துவிடும். வயிற்றைத் திறந்தால் சிறுநீரகம் கறுத்து நீலம் பாய்ந்திருக்கும். மொத்தத் தீவனத்தில் புண்ணாக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மீதி புல்லாக இருக்க வேண்டும். மாட்டுக்கான உப்புக்கட்டியிலும் செம்பு உண்டு, செம்மறிக்கென்று எழுதியதையே வாங்குங்கள்.

கண் மஞ்சளானால் எல்லாமே செம்பு என்றும் முடிவுகட்டாதீர்கள். சிக்னல் புல் மட்டுமே தின்ற செம்மறிக்கும் ஈரல் கெட்டு மஞ்சள் வரும். அதில் காதும் முகமும் வீங்கி, வெயில் பட்ட தோல் உரியும். உடனே நிழலுக்கு மாற்றி வேறு புல் கொடுங்கள்.

தோட்ட நிர்வாகத்தோடு

தனி ஆள் போய்க் கேட்டால் மானேஜர் வாய்ச்சொல்லாகச் சரி என்பார், ஆள் மாறினால் அந்தச் சொல்லும் மாறும். சங்கத்தின் பெயரில் கடிதம் வாங்குங்கள். பிளாக் எண், மாதங்கள், ஆட்டு எண்ணிக்கை, கன்றுக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு, எல்லாம் அதில் வர வேண்டும். களைக்கொல்லி அடிப்பது, உரம் போடுவது, எலி மருந்து வைப்பது ஆகிய மூன்றுக்கும் முன்கூட்டியே தகவல் தரவேண்டும் என்ற வரிதான் கடிதத்தின் உயிர். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை என்றாலும் மற்ற மருந்துகள் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உப்புச்சுவைக்குத் தேடிப்போய் யூரியாக் குவியலை நக்கிய ஆடு ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிச் சாகும். தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் கைப்பேசி எண்ணை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் அந்த வார வேலையைக் கேட்டுப் புலனத்தில் (வாட்ஸ்அப்) எல்லாருக்கும் போடுவது எங்கள் செயலாளரின் வேலை.

தோட்டத்துக்கு இதில் என்ன லாபம் என்றால் களை. ‘ரும்புட் இஸ்ரேல்’ என்கிற அசிஸ்டேசியாவைச் செம்மறி விரும்பித் தின்னும். காய் வெடித்து விதை தெறிப்பதற்குள், பூப் பருவத்திலேயே மேயவிட்டால் அடுத்த தலைமுறை குறையும். மைக்கானியாக் கொடியும் போகும். ஆனால் மொட்டையாக மேயவிட்டால் ஆடு தொடாத பெரணியும் கட்டைச்செடியுமே மிஞ்சும், பிறகு நிர்வாகம் நம்மைத் திட்டும். செம்பனையில் மட்டை ஆட்டு வாய்க்கு எட்டாத உயரம் வந்த பிறகே, சுமார் இரண்டு வயதுக்குமேல், நுழையுங்கள். ஆறேழு வயதில் கூரை மூடிப் புல் அற்றுப்போகும், அதற்குள் அடுத்த மறுநடவு பிளாக்கைப் பேசி வையுங்கள். பால்மரத் தோட்டத்தில் பால் எடுத்து முடிந்த பிறகே ஆட்டை விட வேண்டும், இல்லாவிட்டால் கோப்பையைத் தட்டிவிடும். பால் எடுத்து முடியும் நேரமும் பனி காயும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது நமக்கு வசதி. வெள்ளாட்டைக் கூடவே ஓட்டிப் போகாதீர்கள், அது பட்டையைக் கடிக்கும், ஒரே நாளில் கடிதம் ரத்தாகும்.

இரவில் பரண் கொட்டகைதான். தரையிலிருந்து நாலைந்து அடி உயரம், பலகை இடைவெளி ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். கூடினால் குட்டியின் கால் மாட்டும், குறைந்தால் புழுக்கை விழாது. கதவுக்குப் பூட்டு வேண்டும். கூட்டமாக வரும் தெருநாய்கள் ஒரே இரவில் பட்டியைக் காலி செய்துவிடும்.

விற்பது

உறைந்த இறக்குமதி இறைச்சியோடு விலையில் மோத முடியாது. நம் சந்தை உயிராடு. ஹஜ்ஜுப் பெருநாளும், பிள்ளை பிறந்ததற்காக முஸ்லிம்கள் ஆடு அறுக்கும், ஆண்டு முழுதும் வரும் அகீக்காவும், நம் கோயில் வேண்டுதலும்தான் அது. குர்பான் எனும் பெருநாள் பலிக்குச் செம்மறி ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது ஆறு மாதம் கடந்து முன்பல் விழுந்திருக்க வேண்டும். நொண்டல், குருடு, காது அறுந்தது ஆகாது. ஆகவே அடையாளத்துக்குக் காதை வெட்டும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள், காதுவில்லை போடுங்கள்.

பெருநாள் ஆண்டுதோறும் பதினொரு நாள் முன்னே வரும். 2028இல் மே முதல் வார வாக்கில் வரும். அதற்கு 13 மாத ஆடு வேண்டுமென்றால் 2026 அக்டோபர் 1 அன்று கிடாவை விட்டு நவம்பர் 11 அன்று எடுக்க வேண்டும். சினை 150 நாள் என்பதால் குட்டிகள் 2027 பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் 10 வரை, மழை விட்ட பிறகு பிறக்கும். ஆறு வாரத்துக்குள் ஈற்று முடிவதால் விற்கும்போதும் எல்லாம் ஒரே அளவில் நிற்கும். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால், தொப்புளில் அயோடின், 90 நாளில் பால் மறப்பு. தேதியை நோட்டில் எழுதாத குட்டியின் வயதை வாங்க வருபவரிடம் நிரூபிக்க முடியாது.

விலை எப்போதும் கிலோவுக்குத்தான் பேச வேண்டும். தரகர் முதுகைத் தடவி “ஒரு முப்பது இருக்கும்” என்பார், தராசு 36 காட்டும். தராசை மாதம் ஒரு முறை 10 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். வேறு மாநிலத்துக்கு ஆடு போனால் கால்நடைத் துறையின் நகர்த்தும் அனுமதி வேண்டும், வாங்குபவர் எடுப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.

பதிவுக் காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிந்த சங்கம் ஆண்டுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். அதைத் தவறவிட்டால் பதிவுக்கே ஆபத்து, கடிதம் எழுதும் பெயரும் போய்விடும்.

பெட்டி திரும்பி வரும்போது வாங்கிக்கொள்பவர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். கத்தரி விளிம்பில் விரலை ஓட்டினால் எண்ணெய் ஒட்ட வேண்டும், ரோமம் ஒட்டக் கூடாது. துப்பாக்கியில் வெந்நீர் இழுத்து மூன்று முறை பீய்ச்சியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் வளையம் ஊதி அளவு தப்பும். சில்லில் உப்பு காய்ந்து வெள்ளைப் படிவம் இருக்கக் கூடாது. நோட்டில் பட்டியின் பெயர், தேதி, எத்தனை ஆடு வெட்டியது, எத்தனை கண் 4, 5 காட்டியது, கட்டி கண்ட ஆட்டின் காதுவில்லை எண், கொடுத்த மருந்து, கொடுத்த அளவு எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கையெழுத்துப் போடாமல், பெட்டியைக் கொண்டுவந்தவரை உட்கார வைத்து அங்கேயே நிரப்பச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் அடுத்த பட்டிக்குப் பெட்டி.